ஜாய்ஸ்டிக் பிடிக்க வரும் பிள்ளைகளுக்கு

எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்காவது கேம் வாங்கிக் கொடுக்கும் பேச்சு எழுந்தால் என்னைத்தான் கேட்பார்கள். ஐம்பதைத் தொடப்போகிற அத்தையிடம் போய் பிளேஸ்டேஷனா எக்ஸ்பாக்ஸா என்று கேட்பது மற்ற வீடுகளில் வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் வீட்டில் எனக்குப் பெயரே 'கேம் அத்தை'தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருச்சியில் வாடகைக்கு எடுத்து வந்த டிவி கேமில் பிடித்த பைத்தியம், இன்னும் தெளிந்தபாடில்லை. அண்ணன் பிள்ளைகளுக்கும் தம்பி பிள்ளைகளுக்கும் அவ்வப்போது சொன்னதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எல்லோரையும் 'நீ' என்றே அழைக்கிறேன். அத்தைக்கு அந்த உரிமை உண்டு.

இந்தப் பத்து அறிவுரைகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான்: கேம் வாங்குவது வேறு, கேம் ஆடுவது வேறு. முதலாவதற்கு உன்னைத் தூண்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரண்டாவதை நீயாகத்தான் பழக வேண்டும்.

1. முதலில் ஆட்டம், பிறகு மெஷின்

"எந்த கன்சோல் நல்லது அத்தை?" என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. "என்ன ஆடணும்னு ஆசை, அதைச் சொல்லு" என்பேன். நண்பர்களோடு கால்பந்து ஆட நினைப்பவனுக்கும், மாரியோவும் செல்டாவும் வேண்டும் என்பவளுக்கும் ஒரே பெட்டி பொருந்தாது. நின்டெண்டோ தன் பெரிய ஆட்டங்களைத் தன் மெஷினைத் தவிர வேறு கன்சோலுக்குத் தருவதில்லை. ஆசைப்படும் ஐந்து ஆட்டங்களின் பெயரை ஒரு தாளில் எழுது. எந்தப் பெட்டி வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

புது மெஷின் வந்த வாரமே கடைக்கு ஓடாதே. பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் 2000இல் வந்தது. 16 கோடிக்கு மேல் விற்ற அதைப் போல வேறெந்த வீட்டு கன்சோலும் விற்றதில்லை. அதன் உச்சங்களில் ஒன்றான 'காட் ஆஃப் வார் 2' வந்தது 2007இல்; அதற்கு முந்தைய ஆண்டே பிளேஸ்டேஷன் 3 கடைக்கு வந்தாயிற்று. ஒரு மெஷினின் நெளிவுசுளிவுகள் அதற்கு ஆட்டம் எழுதுகிறவர்களுக்கே பிடிபடச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் விலையும் இறங்கும், முதல் தயாரிப்பின் கோளாறுகளும் தெரிந்துவிடும். ஒரு தலைமுறை பின்னால் நடப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

2. எண்ணிக்கையைக் கண்டு மயங்காதே

எங்கள் காலத்தில் லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று பல பெயர்களில் டிவி கேம் வந்தது. பெரும்பாலானவை 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபாமிகாமின் நகல்கள். அவற்றுக்கான கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். சொருகினால் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடும். ஆடிப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும்: சர்க்கஸ், டேங்க், மாரியோ, வாத்து சுடுவது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் அதே ஆட்டம்தான். இரண்டாம் ஸ்டேஜில் தொடங்கும் ஒன்று, மூன்றாம் ஸ்டேஜில் தொடங்கும் ஒன்று, பெயரை மட்டும் மாற்றிப் போட்டது இன்னொன்று.

இன்று மாதச் சந்தா கட்டினால் கிடைக்கும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் பொய்யில்லை; ஒவ்வொன்றும் தனித்தனிதான். ஆனால் உனக்கு வாய்ப்பது வீட்டுப்பாடமும் சாப்பாடும் போக மிஞ்சுகிற ஒரு மணி நேரம். பட்டியலை உருட்டுவதிலேயே அதில் பாதி போய்விடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பெரிய ஆட்டம், அலுக்கும்போது மாற்றாக ஒரு சின்ன ஆட்டம், அவ்வளவுதான். தள்ளுபடியில் ஏதாவது கண்ணை இழுத்தால் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டு ஒரு மாதம் பொறு. மாதம் கழித்தும் பெயர் நினைவிருந்தால் வாங்கு.

3. முதல் ஸ்டேஜை ஓடிக் கடக்காதே

நல்ல ஆட்டம் பாடம் நடத்தாமலே கற்றுக்கொடுக்கும். அதை உணர 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முதல் ஸ்டேஜின் முதல் அரை நிமிடம் போதும். மாரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்பார். வலப்பக்கம் காலியாகக் கிடக்கும். எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. எதிரே குட்டையாக, முறைத்த முகத்தோடு ஒன்று நடந்து வரும். மோதினால் செத்தாய், இப்போதுதானே தொடங்கினாய், நட்டம் ஒன்றுமில்லை. அடுத்த முறை குதிப்பாய். தலைக்கு மேல் கேள்விக்குறி போட்ட கட்டையை முட்டினால் காளான் ஒன்று வெளியே வந்து வலப்பக்கம் நகரும். போகிற போக்கில் பச்சைக் குழாயில் இடித்து உன்னை நோக்கியே திரும்பும். பகையோ என்று பயந்து குதித்தாலும் மேலே கட்டை தட்டும். பெரும்பாலும் காளான் மேலேதான் விழுவாய். விழுந்ததும் மாரியோ பெரிய ஆளாகிவிடுவார். காளான் நல்லது என்று படித்துக்கொண்டாய், ஒரு எழுத்துகூட வாசிக்காமல்.

ஷிகெரு மியாமோட்டோவும் அவர் குழுவும் உட்கார்ந்து யோசித்து வைத்த ஒழுங்கு அது. முழு ஆட்டமும் 40 கிலோபைட். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படம் அதைவிடப் பெரியது. இடம் போதாமல் மேகத்தையும் புதரையும் ஒரே படமாக வரைந்து நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு மாரியோ ஆடுவதே தனி ருசி. எந்த ஆட்டமானாலும் முதல் ஸ்டேஜை இரண்டாம் முறை ஆடிப் பார். உனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

4. சீட் அடிப்பது பாவமில்லை

மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ. எங்கள் தலைமுறையில் வாய்ப்பாடு மறந்தவர்கள் உண்டு, இதை மறந்தவர்கள் இல்லை. கான்ட்ரா ஆட்டத்தில் இதை அடித்தால் 30 லைஃப். கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ 'கிரேடியஸ்' ஆட்டத்தை வீட்டு கன்சோலுக்கு மாற்றியபோது, அதைச் சோதித்துப் பார்க்க அவராலேயே கடைசிவரை ஆட முடியவில்லை. அதற்காகத் தனக்கு வைத்துக்கொண்ட கள்ளச்சாவி இது. 1986இல் விற்பனைக்கு வந்த ஆட்டத்திலும் அப்படியே தங்கிவிட்டது. ஆட்டத்தை எழுதியவருக்கே தேவைப்பட்ட உதவியை நீ எடுத்துக்கொள்வதில் என்ன வெட்கம்?

ஈஸி மோடில் ஆடுகிறவனைக் கேலி செய்யும் கூட்டத்தை அண்டாதே. கதைக்காக ஆடுகிறாயா, சவாலுக்காக ஆடுகிறாயா என்பது உன் விருப்பம். ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனி. எங்களுக்கு அந்த 30 லைஃப் சும்மா கிடைத்தது. இப்போது அதே லைஃப்பை விலை போட்டு விற்கிறார்கள். அதற்குத்தான் அடுத்த அறிவுரை.

5. 'இலவசம்' என்று போட்டிருந்தால் பர்ஸைப் பத்திரப்படுத்து

இலவச ஆட்டத்துக்குள் ஒரு கடை இருக்கும். அந்தக் கடையில் ரூபாய் செல்லாது. முதலில் ரூபாய் கொடுத்து வைரமோ காசோ வாங்க வேண்டும். நீ ஆசைப்படும் சட்டை 120 வைரம் என்றால், வைரம் 100ஆகவும் 310ஆகவும்தான் கிடைக்கும். 100 போதாது, 310 வாங்கினால் மீதம் கையில் உறுத்தும். அதைச் செலவழிக்க இன்னும் கொஞ்சம் வாங்குவாய். கணக்கு உனக்கு மறந்துபோகவே இந்த ஏற்பாடு. எதையும் வாங்குமுன் வைரத்தை ரூபாயாக மாற்றித் தாளில் எழுதிப் பார். ஒரு டிஜிட்டல் தொப்பி நாலு பேர் பிரியாணி சாப்பிடும் விலை என்று தெரிந்தால் கை தானாகப் பின்வாங்கும்.

உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு கட்டித் திறக்கும் பெட்டிகள் இன்னும் மோசம். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. பணம் வைத்து ஆடி பணம் எடுக்கும் ஆன்லைன் ரம்மி வகையறா பக்கமே போகாதே. அதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2023இல் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் நிறைவேற்றியது. அதை கேம் என்று அழைப்பதே எனக்குக் கோபம் வரும் விஷயம். அப்பாவின் யுபிஐ ரகசிய எண் உனக்குத் தெரிந்திருந்தால், மாற்றச் சொல்லி நீயே அவரிடம் சொல்.

6. இரண்டாவது கன்ட்ரோலரை முதலில் வாங்கு

கையில் உள்ள பணத்துக்கு ஒரு கேம் கூடுதலாகவா, கன்ட்ரோலர் கூடுதலாகவா என்றால், கண்ணை மூடிக்கொண்டு கன்ட்ரோலர் என்பேன். நானும் அண்ணனும் கான்ட்ரா ஆடி வளர்ந்தவர்கள். அதில் மூன்றாம் ஸ்டேஜ் அருவி. பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். ஒருவர் அவசரப்பட்டு ஏறினால் திரையும் கூடவே ஏறும். கீழே நிற்பவர் திரைக்கு வெளியே போய்ச் சாவார். அண்ணன் ஏறுவான், நான் சாவேன், ஜாய்ஸ்டிக் பறக்கும், அம்மா ஸ்விட்சை அணைப்பார். பிறகு நாங்களாகவே ஒரு வழக்கம் கண்டோம்: ஏறுமுன் "வரட்டா?" என்று கேட்பான், நான் "வா" என்றால்தான் தாவுவான். அந்த அருவியைத் தாண்டிய பிறகு மற்ற சண்டைகளும் கொஞ்சம் குறைந்தன.

ஆன்லைனில் முகம் தெரியாத நால்வரோடு ஆடுவதும் நல்லதுதான். ஆனால் மைக்கில் பெண் குரல் கேட்டதும் அநாகரிகமாகப் பேசும் ஆட்களை நான் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டேன். தங்கச்சி, நீ அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மியூட் செய், புகார் அழுத்து, அடுத்த மேட்சுக்குப் போ. தம்பி, உன் அணியில் ஒருவன் அப்படிப் பேசினால் வாய் திறக்க வேண்டியவன் நீ. வீட்டில் தங்கைக்கு எப்போதும் இரண்டாம் கன்ட்ரோலரே கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள். என் பெயரை வைத்து அதற்கு ஒரு சட்டமே போட்டிருக்கிறோம்: போன முறை இரண்டாவது பிடித்தவர் இந்த முறை முதலாவது.

7. மெஷினைப் பேணு

கேசட் ஓடாவிட்டால் எடுத்து ஊதிச் சொருகுவது எங்கள் காலத்து வைத்தியம். உண்மையில் ஊதியதால் ஓடவில்லை. கழற்றி மறுபடி சொருகியதில் உள்ளே உலோகப் பற்கள் சரியாகத் தொட்டதால் ஓடியது. ஊதும்போது போகும் ஈரம் அந்தப் பற்களை அரிக்கத்தான் செய்யும். பழைய கேசட் கிடைத்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடை, காயவிட்டுச் சொருகு.

புது மெஷினுக்கு எதிரிகள் வேறு. தூசியும் சூடும் முதலாவது: காற்றுப் போகும் துளைகளைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, ஓடும்போது எம்பிராய்டரி துணி போர்த்தாதே. மின்சாரம் இரண்டாவது: சேவ் ஆகும் நேரத்தில் கரண்ட் போனால் சேவ் கெட்டுப்போகலாம், முடிந்தால் சின்ன யுபிஎஸ் வைத்துக்கொள். மூன்றாவது ஸ்டிக் தானாக நகரும் நோய். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் ஸ்டிக்குக்கு அடியில் கரிப்பூச்சுத் தடத்தின் மேல் ஒரு சிறு முள் உரசிக்கொண்டே இருக்கும். தடம் தேய்ந்தால், நீ தொடாமலே ஆள் நடப்பான். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் இந்த உரசல் இல்லை; அடுத்த முறை வாங்கும்போது கேட்டு வாங்கு.

பழைய சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வாத்து சுடும் துப்பாக்கி இன்றைய எல்இடி டிவியில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும்; துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். படக்குழாய் டிவியின் வேகத்துக்கு வைத்த கணக்கு அது. புது டிவி படத்தைக் காட்டச் சற்றுத் தாமதிப்பதால் கணக்குத் தப்பும். துப்பாக்கி வேண்டுமென்றால் பழைய டிவியையும் சேர்த்துத் தேடு.

8. எது உன்னுடையது என்று தெரிந்துகொள்

டிஸ்க்காக வாங்கினால் நண்பனுக்கு இரவல் தரலாம், முடித்துவிட்டு விற்கலாம். ஆன்லைனில் வாங்கினால் ஆடும் அனுமதிக்குத்தான் காசு கொடுக்கிறாய். நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கும் வீ யூவுக்கும் இருந்த ஆன்லைன் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது; அங்கே மட்டும் விற்ற ஆட்டங்களைப் புதிதாக வாங்க வழியில்லாமல் போனது. அதே ஆண்டு அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஒரு கணக்கு வெளியிட்டது: அந்நாட்டில் வந்த பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காதவை. மனத்துக்கு நெருக்கமான ஆட்டத்தை டிஸ்க்காகவே வாங்கிவை. மற்றவை எப்படி வந்தாலும் பரவாயில்லை.

9. நம் சமையலறையில் நடக்கும் ஆட்டத்தையும் ஆடு

சாமுராயும் ராணுவ வீரனும் மட்டுமே நாயகர்கள் என்று நினைத்துவிடாதே. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. 1980களில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்புப் புத்தகத்தில் அழிந்துபோன வரிகளை ஊகித்து நீ சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது ஆவி மேலே போக வழி இருக்கிறதா என்று பார்த்து அடுக்கினால்தான் வேகும். வெளிநாட்டுக்காரருக்கு அது புதிர். நம் வீட்டில் அடுப்படிப் பக்கம் போகாத பையன்களுக்கும் அது புதிர்தான் என்று ஆடவைத்துப் பார்த்தபோது தெரிந்தது. 2024இல் இந்த ஆட்டம் பாஃப்டாவின் அறிமுக விருதைப் பெற்றது. ஒரு மாலையில் முடிந்துவிடும். அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து ஆடு. அவர் உனக்குத் துப்புக் கொடுப்பார்.

இதைக் காசு கொடுத்தே வாங்கு. எங்கள் காலத்தில் அசல் எங்கே விற்கிறது என்றே தெரியாது; நகல்தான் உலகம். உனக்கு அந்தச் சாக்கு செல்லாது. சின்னக் குழுக்கள் அடுத்த ஆட்டம் செய்வது இந்த விற்பனையை நம்பித்தான்.

10. நிறுத்தவும் தெரிய வேண்டும், திரும்பி வரவும் தெரிய வேண்டும்

கேம் ஆடினால் கெட்டுப்போவாய் என்று பெரியவர்கள் பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கேம் ஆடும் கோளாறைச் சேர்த்திருக்கிறது. அது சொல்லும் அறிகுறிகள் மூன்று: ஆடுவது உன் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முக்கியமாவது, கெடுதல் நேர்வது தெரிந்தும் தொடர்வது. ஏறத்தாழ ஓராண்டாக இவை இருந்து, படிப்பும் உறவும் பாதிக்கப்பட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. அவ்வளவு தூரம் போகாமல் இருக்க என் வழக்கம் எளிது: தோற்ற கோபத்தில் "இன்னும் ஒரு மேட்ச்" என்று தொடங்க மாட்டேன். ஜெயித்த கையோடு எழுந்துவிடுவேன்.

பரீட்சை வரும், வேலை வரும், குழந்தை வரும்; ஆட்டம் மாதக்கணக்கில் நிற்கும். நிற்கட்டும். வயதானால் விரல் வேகம் குறையும். எனக்குத் துப்பாக்கிச் சண்டை இப்போது ஒத்துவருவதில்லை, புதிர் ஆட்டங்களுக்கு மாறிவிட்டேன். திரும்பி வரும்போது புதிதாக எதுவும் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. டெட்ரிஸ் 1984இல் மாஸ்கோவில் பிறந்தது. நின்டெண்டோ கன்சோலுக்கான அதன் கேசட் 1989இல் வந்தது. 29ஆம் லெவலுக்கு மேல் மனிதக் கை ஈடுகொடுக்காது என்றே பல காலம் நம்பியிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புதான், கட்டைவிரலை பட்டன் மேல் சும்மா வைத்துக்கொண்டு கன்ட்ரோலரின் முதுகில் மற்ற விரல்களால் தாளம் போடும் உத்தியை ஒரு ஆட்டக்காரர் கண்டுபிடித்தார். 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கப் பையன் ஒருவன் அந்த உத்தியில் 157ஆம் லெவல் வரை போனான். ஆட்டம் தாங்க முடியாமல் உறைந்து நின்றது. மனிதர் யாரும் அதுவரை அந்த இடத்தை எட்டியதில்லை.

34 ஆண்டுகளாக எத்தனையோ வீட்டு அலமாரிகளில் கிடந்த கேசட் அது. அதில் அவனுக்குப் புதிதாகக் கிடைத்தது எதுவும் விலைக்கு வந்ததில்லை. உன்னிடம் பாதியில் நிற்கிற ஆட்டம் ஒன்று நிச்சயம் இருக்கும். இந்த விடுமுறைக்கு அதை எடு.